நாசருக்கு ஒரு நாள்: எந்த இரண்டு படங்கள்?

ஒரு சனிக்கிழமை, இரண்டு படங்கள், ஒரே நடிகர். பிற்பகலில் ஒன்று, பொழுதுபட்ட பிறகு ஒன்று. நடிகர் நாசர் என்பதில் எங்கள் திருகோணமலை வாசிகசாலையின் திரைப்பட வட்டத்தில் எவருக்கும் மறுப்பில்லை. எந்த இரண்டு என்று கேட்டதும்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்கினார்கள். இளையவர்கள் 'பாகுபலி' என்றார்கள். ஓய்வூதியக்காரர்களுக்குத் 'தேவர் மகன்'. உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் மாஸ்டர் 'அவதாரம்' தவிர வேறு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து 'மகளிர் மட்டும்' வந்தது. கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவர் படங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. "எதைப் போட்டாலும் கடைசி பஸ்ஸுக்கு முன் வழி செய்துவிடுங்கள், தம்பி" என்றார். எல்லா நிபந்தனைகளிலும் நியாயமானது அதுதான்.

தெரிவுகளை நிறுத்துப் பார்த்து எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நடுநிலையாக எழுதுவதாகப் பாவனை செய்யப் போவதில்லை. எனக்கென்று ஒரு சாய்வு உண்டு. போகப் போகத் தெரியும்.

முதலில் அளவுகோல். நடிப்பின் வீச்சு என்றதும் நம்மவர்கள் வேடங்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். 'நவராத்திரி'யில் (1964) சிவாஜிக்கு ஒன்பது, 'தசாவதார'த்தில் (2008) கமலுக்குப் பத்து. அந்தப் படங்களில் தனியான ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆள் யாரென்று தெரிந்துகொண்டே, எந்த இடத்தில் பிடிபடுகிறார் என்று தேடும் வேடிக்கை. நாசரிடம் அது செல்லாது. அந்த மூக்கு எந்த ஒப்பனைக்குள்ளும் அடங்காதது. பக்கவாட்டில் நிழல் விழுந்தாலே பின்வரிசைப் பிள்ளைக்கும் ஆள் தெரிந்துவிடும். ஆகவே ஒரு பாத்திரத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அவர் முகத்தை நம்பியிருக்க முடியாது. கழுத்தை எப்படி நிறுத்துவது, எதிரே நிற்பவரை எவ்வளவு நேரம் பார்ப்பது, பதில் சொல்ல எவ்வளவு தாமதிப்பது, குரலை எங்கே விழவிடுவது என்று சின்னச் சின்ன இடங்களில்தான் அவர் ஆள் மாறுகிறார். ஒரு படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது. நல்ல வில்லன், நல்ல அப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் விடயம் வெளிக்கும்.

1995ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பம்பா'யில் மகனின் கலப்புத் திருமணத்தை ஏற்க மறுக்கும் இந்துத் தந்தை நாராயண பிள்ளை. 'அவதார'த்தில் கூத்துப் பைத்தியம் பிடித்த கிராமத்து அப்பாவி குப்புசாமி. அந்தப் படத்தை இயக்கியவரும் அவரே. 'குருதிப்புன'லில் பொலிஸ் அதிகாரியை உள்ளிருந்து அரிக்கும் தீவிரவாதத் தலைவன் பத்ரி. மூன்றும் ஒரே ஆண்டில் வந்தவை. ('பம்பா'யில் மணிரத்னம் செய்த ஒரு காரியம் எனக்கு எப்போதும் பிடிக்கும். முஸ்லிமான நாசரை இந்துத் தந்தையாகவும், கிட்டி என்ற கிருஷ்ணமூர்த்தியை முஸ்லிம் தந்தையாகவும் மாற்றிப் போட்டிருந்தார்.) இருந்தாலும் 'பம்பாய்' எங்கள் பட்டியலில் நிற்காது. அது காதலர்களின் படம். தந்தைமார் இருவரும் ஓரத்தில் நிற்பவர்கள். நாசருக்கென்று ஒரு நாள் வைத்துவிட்டு அவரைத் தேடிப் பிடிக்கும்படி கூட்டத்தை விடக்கூடாது.

எனவே கேள்வி எது சிறந்த படம் என்பதல்ல. எந்த இரண்டைச் சேர்த்து வைத்தால் 'இவர்தானா அவர்?' என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு நிற்கின்றன: எங்கள் கூட்டம் தாங்குமா, எங்கள் புரொஜெக்டர் தாங்குமா.

புரொஜெக்டரை யாரும் பொருட்படுத்துவதில்லை. மண்டபத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் ஜன்னல்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவற்றைச் சாத்தினால் உள்ளே இருக்க முடியாது, திறந்தால் திரைச்சீலை படகுப் பாய் போல உப்பிக்கொள்ளும். பிற்பகல் வெளிச்சத்தில் இருண்ட காட்சி எதுவும் எடுபடாது. 'தேவர் மகன்', 'குருதிப்புனல்' இரண்டுக்கும் ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், இருட்டைத் தயங்காமல் பயன்படுத்துகிறவர். 'குருதிப்புன'லை இயக்கியவரும் அவரே. இந்த இரண்டில் எதைத் தெரிந்தாலும் அது இரவுக் காட்சிக்குத்தான் உரியது. பிற்பகலுக்கு வெளிச்சமான படம் வேண்டும். இதை ஒப்புக்கொண்டாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

இனிப் படங்கள்.

'பாகுபலி'யைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 2015இலும் 2017இலும் வந்த இரண்டு பாகங்களிலும் நாசர் பிஜ்ஜலதேவன், ஒரு கை ஊனமான அரச குடும்பத்தவன். அரியணை தனக்குக் கிடைக்காத புழுக்கத்தை மகனுக்கு ஊட்டி வளர்ப்பவன். பிரமாண்டமான அரண்மனைக்கு நடுவில் நின்று குரலாலேயே இடத்தைப் பிடித்துக்கொள்வதில் அவருடைய தேர்ச்சி தெரிகிறது, உண்மைதான். ஆனால் இளையவர்கள் எல்லோரும் பார்த்துவிட்ட படம். பார்த்ததையே மறுபடி காட்ட ஒரு சனிக்கிழமை எதற்கு?

'தேவர் மகன்' (1992) வேறு. பரதன் இயக்கிய படம், எழுத்து கமல். படத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சிவாஜியிடம் தொடங்கிக் கமலிடம் முடிப்பார்கள். நாசர் நடித்த மாயன் நடுவில் நசுங்கிவிடுவான். பஞ்சாயத்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊரே பெரிய தேவருக்கு முன் அடங்கி நிற்கிறது. பார்க்கும் நாமும் அடங்கி நிற்கிறோம், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பது சிவாஜி. அந்த மரியாதையை உடைக்க வேண்டிய பொறுப்பு நாசருடையது. அப்போது அவருக்கு 34 வயது. நடிகருக்கு உள்ளுக்குள் சிவாஜி மீது பயபக்தி இருந்திருக்கும். மாயனுக்கு அது துளியும் இருக்கக்கூடாது. நாசரிடம் அது தென்படவில்லை. மாயன் குரலை உயர்த்தும்போது நமக்குக் கூசுகிறது. பெரிய தேவர் அந்த அவமானத்தோடு வீடு திரும்பி உயிர்விடுவதை நாம் நம்புவதற்குக் காரணம், அந்தக் கூச்சம் நமக்குள் ஏற்கெனவே ஏறிவிட்டதுதான். வில்லனாக நடிப்பவர்கள் பலர் தாங்கள் வில்லன் என்பதை அறிந்தே நடிப்பார்கள். மாயனுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. தன் அப்பனுக்கு அநியாயம் நடந்துவிட்டது, அதற்குத்தான் கணக்குத் தீர்க்கிறேன் என்று அவன் மனதார நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் அவனை ஆபத்தானவனாக்குகிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு தயக்கத்தையும் சொல்லவேண்டும். படத்தின் முடிவு அரிவாளைக் கீழே போடச் சொல்கிறது. கூட்டத்தின் நினைவில் தங்குவதோ மீசையும் பாட்டும். வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து இந்தப் படத்தைப் பார்த்த தலைமுறை அதைச் சாதிப் பெருமைப் படமாகப் பார்க்கவில்லை என்று ஓய்வூதியக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம். இன்றைய பையன்கள் கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகப் பார்ப்பது அதைத்தான். முழுப் படத்தையும் உட்கார்த்திக் காட்டினால் அது மாறும் என்ற வாதத்திலும் பொருள் இருக்கிறது. ஆகவே இதை ஒதுக்கவில்லை, மாற்றுத் தெரிவாக வைத்திருக்கிறேன்.

'குருதிப்புனல்' பக்கம்தான் என் சாய்வு. கோவிந்த் நிஹலானியின் 'த்ரோகால்' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கம். பாட்டு கிடையாது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஒஸ்கார் போட்டிக்கு அனுப்பப்பட்ட படம். கதையைச் சுருக்கினால் ஒரே வரி: பிடித்தவன் கைதியாகிறான், பிடிபட்டவன் எஜமானாகிறான். பத்ரி பொலிசின் கையில் இருக்கிறான். கமல் நடித்த ஆதி நாராயணன் நிற்கிறான், நடக்கிறான், மிரட்டுகிறான். நாசர் அசைவதே குறைவு. மாயனிடம் இருந்த வெடிப்பு இங்கே மருந்துக்கும் இல்லை. குரல் உயராது, அவசரப்படாது. ஒரு பாடம் விளங்காத மாணவனிடம் பொறுமையாகப் பேசும் ஆசிரியரின் தொனியில், மனிதன் எந்த இடத்தில் உடைவான் என்பதைப் பற்றிப் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரியின் முகம்தான் மாறிக்கொண்டு போகிறது. பேச்சு மட்டுமே ஆயுதமாக உள்ள ஒருவனை, பேச்சைக் குறைத்துத் தாமதத்தைக் கூட்டி நடித்திருக்கிறார். அந்தத் தாமதங்களில்தான் நமக்கு வியர்க்கிறது.

மாயனும் பத்ரியும் இருவருமே கமலின் பாத்திரத்தை அழிக்க வந்தவர்கள். ஒருவன் வெளியிலிருந்து மோதுகிறான், மற்றவன் உள்ளே குடியேறுகிறான். இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் என்ன என்று மாஸ்டர் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் கூட்டம் 'வில்லன் நாசர்' என்ற பெயர்ப்பலகையோடு வீட்டுக்குப் போய்விடும். அதோடு வெளிச்சப் பிரச்சினை வேறு.

அதனால்தான் பத்ரிக்கு எதிரே நான் நிறுத்துவது பாஷாவை. 'அவ்வை சண்முகி' (1996), கே.எஸ். ரவிகுமாரின் படம், 'குருதிப்புன'லுக்கு அடுத்த ஆண்டு வந்தது. எல்லோரும் கமலின் மாமி வேடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அதே வீட்டில் இன்னொரு வேடமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கமல் நடித்த பாண்டியனின் நண்பன் பாஷா முஸ்லிம். அவன்தான் நாசர். ஜெமினி கணேசன் நடித்த விஸ்வநாத ஐயரின் வீட்டில் பிராமணச் சமையற்காரனாக நுழைகிறான். வாயைத் திறந்தால் அகப்பட்டுவிடுவான் என்பதால் பேச முடியாதவனாகப் பாவனை. வாயை அடைத்ததும் நாசரின் கண், புருவம், கை எல்லாம் தனித்தனியாகப் பேசத் தொடங்கிவிடுகின்றன. பயத்தையும் அவசரத்தையும் எரிச்சலையும் ஒரு சொல்கூட இல்லாமல் கொடுக்கவேண்டும். அதிலும் பாஷா நல்ல நடிகன் அல்ல என்பதையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். திறமையில்லாத நடிகனாகத் திறமையாக நடிப்பது எவ்வளவு கடினம் என்று நாடகம் பழக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். முந்திய ஆண்டு பேசியே ஒரு பொலிஸ் அதிகாரியைக் கவிழ்த்தவர், இந்த ஆண்டு பேச முடியாமல் சமையலறையில் தவிக்கிறார். இதைவிட நல்ல சோடி எனக்குத் தெரியவில்லை.

கிண்ணியா, மூதூர் ஆட்களும் இருக்கும் கூட்டத்தில் இந்த நகைச்சுவை எப்படி விழும் என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வீடு வாடகைக்குத் தேடும்போது பெயரை மாற்றிச் சொன்னவர்கள் எல்லா இனத்திலும் இருக்கும் ஊர் இது. பாஷாவை மறைக்கத் தூண்டியது அவனுடைய கள்ளத்தனம் அல்ல. பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தும் வழக்கம். கடைசியில் தொழுகையில் இருக்கும்போது அவன் பிடிபடுகிறான். அதுவரை விழுந்து விழுந்து சிரித்த கூட்டம் அந்த இடத்தில் யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்க்கவே இந்தப் படத்தைக் காட்டலாம். படம் முழுவதும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். சில பகிடிகள் இன்று கேட்கக் கூசுகின்றன. ஆனால் பிற்பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும், பிள்ளைகளும் பார்க்கலாம்.

'மகளிர் மட்டும்' (1994) கேட்டவர்களுக்கு: நீங்கள் கேட்டது வீண் கோரிக்கை அல்ல. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அந்தப் படத்தில் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் வேலை செய்யும் நிறுவனத்தின் மேலதிகாரி நாசர். பெண்களைத் தொல்லைப்படுத்தும் அந்த மனிதனை முழுக்க முழுக்கக் கோமாளியாக்கியிருக்கிறார், ஆனால் ஒரு இடத்திலும் அவன் மீது நமக்குச் செல்லம் வரவிடவில்லை. சிரிக்க வைக்கும் வில்லனை ரசிகர்கள் மன்னித்துவிடுவது வழக்கம். இவனை மன்னிக்கத் தோன்றாது. 'அவ்வை சண்முகி'க்குப் பதிலாக இதையே பிற்பகலில் வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனால் அதிகாரம் இருப்பவனாகவே இரண்டு தடவை நாசரைப் பார்க்க நேரும். பாஷா அதிகாரமே இல்லாதவன். அந்த இறக்கம்தான் எனக்கு வேண்டும்.

'எம் மகன்' (2006), 'சைவம்' (2014) இரண்டும் வீட்டுப் பெரியவர் நாசர். முதலாவதில் வளர்ந்த மகனைக் கடையில் வைத்தே அடிக்கும் மளிகைக்கடைத் தகப்பன். பக்கத்தில் சரண்யா, வடிவேலு. என்.சி. வீதியில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவரைத் தங்கள் அப்பா என்றே சொல்வார்கள். மற்றதில் பேரப்பிள்ளைகள் நிறைந்த கிராமத்து வீட்டின் தாத்தா, நேர்த்திக்கடனுக்கு வளர்த்த சேவல், அதை ஒளித்து வைக்கும் சிறுமி. இரண்டும் நல்ல தெரிவுகள்தான். ஆனால் இந்தப் பருவத்து நாசரை முழுதாக ரசிக்க முந்தியவற்றைப் பார்த்திருக்கவேண்டும். தொடக்கமாக வைப்பதற்கு உரியவை அல்ல.

'அவதார'த்துக்கு வருகிறேன். மாஸ்டர் சொல்வதில் உண்மை இருக்கிறது: நாசர் என்ற கலைஞனை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் இதுதான். கூத்தாட ஆசைப்படும் குப்புசாமிக்கு வாத்தியாரின் குழுவில் வேடம் கிடைப்பதில்லை. அவனை நேசிப்பவள் ரேவதி நடித்த பார்வையற்ற பொன்னம்மா. பாலாசிங்கின் பாத்திரம் வந்து எல்லாவற்றையும் சிதைக்கிறது. கடைசியில் குப்புசாமி நரசிம்மமாகவே எழுந்து நிற்கிறான். அதுவரை தோளைக் குறுக்கி, பார்வையைத் தாழ்த்தி, எவர் கண்ணிலும் படாமல் நடமாடிய உடம்பு, வேடம் பூண்டதும் இரண்டு மடங்காக விரிகிறது. இளையராஜாவின் இசை அதற்கு அடியில் ஓடுகிறது.

எங்கள் மாகாணத்துக்காரர்கள் இந்தப் படத்தைச் சும்மா பார்க்கமாட்டார்கள். வடமோடிக் கூத்தாட்டத்தின் தாளக்கட்டைக் காலால் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரப்புடுப்பின் பாரத்தைச் சுமந்து வட்டக்களரியில் விடியும்வரை ஆடியவர்களுக்கு, தமிழகத் தெருக்கூத்தின் முடியும் ஆட்டமும் வேறாகத் தெரியும். ஒவ்வொரு மிதியிலும் பிழை பிடிப்பார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோன கதையும், 1960களில் 'இராவணேசன்' கூத்து ஆடப்பட்டதும், அதில் மௌனகுரு இராவணனாக நின்றதும் அரங்கியல் படிக்கும் பிள்ளைகள் அறிந்தவை. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் காட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் வேறு. அவர்களுக்கு நரசிம்மமாகும் குப்புசாமியைக் காட்டினால் பேச்சு படத்தோடு நிற்காது, நீளும், நீளவேண்டும். அதற்காகவே இதை இரண்டு படங்களில் ஒன்றாகத் திணிக்கக்கூடாது என்கிறேன். தனி நாள் கொடுக்கவேண்டிய படம். மாஸ்டர் இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார், ஆனால் எழுந்து போகவில்லை.

இனி மிகக் கனமான தயக்கம். 'குருதிப்புன'லில் விசாரணை அறை இருக்கிறது, சித்திரவதை இருக்கிறது. திருகோணமலையில் அதைக் கதையாக மட்டும் பார்க்க முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். பிள்ளையைத் தேடி முகாம் வாசல்களில் நின்ற தாய் ஒருவர், நாசர் நடித்த படம், பொழுதுபோகும் என்று நம்பி வந்து அந்தக் கதிரையில் உட்காரக்கூடும். அவரை அப்படி அகப்படுத்த எந்தக் கலைக்கும் உரிமையில்லை. வீச்சைக் காட்டுகிறோம் என்பது அதற்குச் சமாதானமாகாது. இன்னொரு பக்கம், பிடித்தவன், பிடிபட்டவன் என்ற இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று இவ்வளவு நிதானமாகப் பார்த்த தமிழ்ப் படங்கள் மிகக் குறைவு. பேச விரும்புகிறவர்களுக்கு இங்கே பேச நிறைய இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை இது. பிற்பகலில் 'அவ்வை சண்முகி', வீட்டோடு வரலாம், இரண்டு மணிக்கே தொடங்கிவிடவேண்டும். அது முடிந்ததும் தேநீர். கிண்ணியா, மூதூர் பக்கம் போகவேண்டியவர்கள் அத்தோடு பஸ் பிடிக்கலாம். இரவுக்கும் நிற்க விரும்புகிறவர்களுக்கு வான் ஒன்று ஒழுங்கு செய்யவேண்டும், அந்தச் செலவை வட்டம் ஏற்கவேண்டும். இருண்ட பிறகு 'குருதிப்புனல்', வளர்ந்தவர்களுக்கு மட்டும். படத்தில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு என்பதைத் துண்டுப் பிரசுரத்தில் மூலையில் ஒளிக்காமல் படத்தின் பெயருக்கு நேர் கீழே அச்சிடவேண்டும். தொடங்குமுன் வாயாலும் ஒருமுறை சொல்லவேண்டும். செயற்குழுவில் ஒருவருக்கேனும் இது மனதுக்கு ஒவ்வவில்லை என்றால் வாக்கெடுப்புக்குப் போகவேண்டாம். அந்த இடத்தில் 'தேவர் மகன்' வரட்டும். பாஷாவுக்கு எதிரே மாயனும் நன்றாகவே நிற்பான், பத்ரி அளவுக்கு இல்லாவிட்டாலும்.

'மகளிர் மட்டும்' மார்ச் மாதத்துக்கு, மகளிர் தினத்தை ஒட்டி. 'அவதார'த்துக்கு உயர்தரப் பிள்ளைகளின் பரீட்சை முடிந்தபின் ஒரு முழு நாள், மாஸ்டரின் பொறுப்பில். அன்றைக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரையும் மத்தளத்தோடு அழைக்கவேண்டும். அவரைப் படத்துக்கு முன்பே பேசவும் ஆடிக்காட்டவும் விடுங்கள். பின்னால் வைத்தால், பொன்னம்மாவுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குத் தாளக்கட்டு காதில் ஏறாது.